இடது மூலையில் ஓர் ஆள்

எங்கள் வீட்டு டிவி செத்துப்போன அன்று நான் துள்ளிக் குதித்தேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? வாங்கிய நாளிலிருந்து அது எல்லா மனிதர்களையும் மஞ்சள்காமாலை வந்தவர்களாகவே காட்டிக்கொண்டிருந்தது. செய்தி வாசிப்பவருக்கும் மஞ்சள்காமாலை, கால்பந்து ஆடுபவருக்கும் மஞ்சள்காமாலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சமையல் நிகழ்ச்சியில் ஒருவர் வாணலியைத் தூக்கிய நேரம் பார்த்து 'டப்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். என் கணவர் ஓடிவந்து அதன் முதுகைத் தட்டினார், காதை வைத்துக் கேட்டார், புறங்கையால் சூடு பார்த்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். எந்த இயந்திரம் நின்றாலும் உள்ளே யாராவது மாட்டிக்கொண்டிருக்கிறார்களா என்பதுதான் அவருடைய முதல் கவலை.

"போயிடுச்சு," என்றார், துக்க வீட்டில் சொல்வதைப் போல.

"அப்பாடா!" என்றேன் நான், கல்யாண வீட்டில் சொல்வதைப் போல.

எனக்கு எந்த டிவி வேண்டும் என்பது எப்போதோ முடிவாகிவிட்டது. நான் பல் செய்கிறவள். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள்; எங்கள் லேபில் உட்கார்ந்து அதற்கேற்ற பல்லைச் செய்து, பக்கத்துப் பல்லின் நிறத்துக்குச் சாயம் ஏற்றி, சூளையில் சுட்டு அனுப்புவோம். வெள்ளை என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகிறார்களே, எனக்கு அதில் பதினாறு வெள்ளை உண்டு. மாதிரிப் பற்களை விசிறியாகக் கோத்த ஷேட் கார்டு ஒன்று எப்போதும் என் கைப்பையில் இருக்கும். எங்கள் கல்யாணமே ஒரு பல்லால் வந்ததுதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒருநாள் ஒரு டாக்டரின் புது கிளினிக்குக்குப் பல் கொடுக்கப் போனேன். வரவேற்பறையில் ஓஎல்இடி டிவி மாட்டியிருந்தார். இரவு வானம் ஓடிக்கொண்டிருந்தது. கறுப்பு என்றால் அதுதான் கறுப்பு. அதுவரை டிவியில் நான் கறுப்பு என்று நம்பியதெல்லாம் துவைத்து வெளுத்த பழைய சட்டை. அடுத்து ஒரு நடிகை வந்து சிரித்தாள். மேல் வரிசையில் ஒன்று கட்டிய பல், அதுவும் நிறம் தப்பிய வேலை என்று வாசற்படியில் நின்றபடியே கண்டுபிடித்துவிட்டேன். அங்கேயே மனசைப் பறிகொடுத்தேன். டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை.

வீட்டில்தான் எடுபடவில்லை.

"எதுக்கு அவ்வளவு விலையில?" என்றார் என் கணவர். "சாதா எல்சிடி போதாதா? ரெண்டும் படம்தானே காட்டுது? ஓஎல்இடில பார்த்தா கதை மாறிடுமா? கொலை பண்ணவன் நல்லவனாயிடுவானா?"

"கறுப்பு கறுப்பாத் தெரியும்."

"கறுப்பைப் பார்க்க டிவி எதுக்கு? கண்ணை மூடிக்கோ."

"அப்பா சொல்றதுலயும் பாயின்ட் இருக்கும்மா," என்றாள் மகள். கல்லூரியில் படிக்கிறாள். எங்கே எரிகிறதோ அங்கே எண்ணெய் ஊற்றுவது அவளுக்குப் பொழுதுபோக்கு.

எனக்குக் கோபம் வந்தால் மூளை நன்றாக வேலை செய்யும். "சரி விடுங்க," என்றேன், ரொம்பச் சாதாரணமாக. "இருட்டு சீனெல்லாம் அதுல தெளிவாத் தெரியும்னு சொன்னாங்க. மூலையில நிக்கிறவங்க முகம்கூடத் தெரியுமாம். நமக்கெதுக்கு அதெல்லாம்?"

வாய்க்குக் கொண்டுபோன டீ டம்ளர் பாதி வழியில் நின்றது.

"மூலையில நிக்கிறவங்க முகமா?" என்றார்.

விஷயம் என்னவென்றால், என் கணவர் ஒரு சினிமாவில் நடித்திருக்கிறார். கல்யாணத்துக்கு முன்னால் நடந்த கதை. பாதி கட்டிய ஒரு பெரிய கட்டடத்தின் அடித்தளத்தில் படப்பிடிப்பு. கேமரா சாமான்களோடு லிஃப்ட் நடுவில் நின்றுவிட, இவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இவரும் போய்ச் சரிசெய்தார். அன்றைக்குப் பார்த்து அடியாள் வேடத்துக்கு வரவேண்டிய ஒருவன் வரவில்லை. உதவி இயக்குநர் இவரை மேலும் கீழும் பார்த்தார், ஒரு கறுப்புச் சட்டையை மாட்டிவிட்டார், இடது ஓரமாகத் தூணருகில் நிற்கச் சொல்லிவிட்டார். கதாநாயகன் வருவான், விளக்கை அணைப்பான், இருட்டில் எல்லோரையும் அடிப்பான். இவருடைய திரையுலக வாழ்க்கை அதோடு முடிந்தது.

எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு படம் வெளியானது. மனிதர் இரண்டு வரிசை டிக்கெட் எடுத்து, என் வீட்டார், தன் வீட்டார், லிஃப்ட் கம்பெனி ஆட்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனார். அந்தக் காட்சி வந்தது. கதாநாயகன் விளக்கை அணைத்தான். திரையில் கும்மிருட்டு. அவன் முகத்தில் மட்டும் கொஞ்சம் நீல வெளிச்சம், மற்றபடி டமால் டுமீல் சத்தம்தான். "அங்கதான்! அந்த மூலையிலதான் நிக்கிறேன்!" என்று இவர் எழுந்து நின்று கை காட்டினார். காட்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. என் அண்ணன் நிதானமாகச் சொன்னான்: "அப்படியா மாப்ளே? நான் தியேட்டர்ல கரண்ட் போயிடுச்சுன்னுல்ல நினைச்சேன்."

அன்றிலிருந்து அண்ணனுக்கு இவர் 'இருட்டு ஹீரோ'. எங்கே மின்சாரம் போனாலும், "ஆகா, மாப்ள படம் போட்டுட்டாங்க!" என்பான். கார் சுரங்கப்பாதைக்குள் நுழைந்தால், "கைதட்டுங்கப்பா, மாப்ள வர்ற சீன்!" என்பான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இவரும் சிரிப்பார். சிரித்துக்கொண்டே எழுந்து போய், நன்றாக இருக்கிற கதவுக் கீலுக்கு எண்ணெய் விடுவார். எங்கள் வீட்டில் ஒரு கதவுகூடக் கிறீச்சிடாது. அவ்வளவு கேலி வாங்கியிருக்கிறார்.

மற்றவர்களுக்கு அது தமாஷ். அவருக்கு அது ஒரு வழக்கு, சாட்சியே இல்லாத வழக்கு. 'நான் அங்கே நின்றேன்' என்பதைத் தவிர அவர் கையில் வேறொன்றும் இல்லை. அதனால்தான் அந்த டீ டம்ளர் அன்று பாதி வழியில் நின்றது.

"அப்பா, அந்தப் படத்தை நான் பென் டிரைவ்ல எடுத்துட்டு வர்றேன்," என்றாள் மகள். "கடையிலயே போட்டுப் பார்த்துடலாம். நீங்க தெரிஞ்சா ஓஎல்இடி. தெரியலேன்னா எல்சிடி. டீலா?"

"டீல்," என்றேன் நான்.

"டீல்," என்றார் அவர். டீயைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

"அப்போ மாமாவையும் கூப்பிட்டுடுவோம்," என்று போனை எடுத்தாள் மகள். எண்ணெய் ஊற்றுவதில் கஞ்சத்தனமே கிடையாது அவளுக்கு.

அண்ணன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான். வண்டியின் இரண்டு பக்கமும் பிரேக், நெற்றியில் பெரிய 'எல்' எழுத்து. அந்த வண்டியில்தான் கிளம்பினோம், ஓட்டியது என் கணவர். எத்தனையோ வருடமாக ஓட்டுகிறவர். ஆனாலும் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தால் பழக்கதோஷத்தில் தன் பக்கத்து பிரேக்கை அமுக்கிக்கொண்டே வருவான். கடைக்குப் போகிற வழியெல்லாம் நாங்கள் தவளைபோலத் தாவித் தாவித்தான் போனோம்.

"மாப்ளே, சபையில சொல்றேன்," என்றான் அண்ணன். "நீ மட்டும் அந்த டிவில தெரிஞ்சேன்னு வை, கடை நடுவுல ஸ்டூல் போட்டு ஏறி நின்னு, 'என் மாப்ள நடிகன்'னு கத்துறேன். இருட்டு ஹீரோங்கிற பேச்சே இனி என் வாயில வராது."

"தெரியலேன்னா?" என்றார் இவர்.

"தெரியலேன்னா, சினிமாவுல நடிச்சேன்னு இனிமே நீ வாயைத் திறக்கக் கூடாது. என்ன?"

கார் குலுங்கி நின்றது. இந்த முறை பிரேக்கை அமுக்கியது என் கணவர்.

"சரி மச்சான்," என்றார்.

பின்சீட்டில் எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு டிவி ஆசைக்காக மனுஷனைக் கொண்டுபோய் எங்கே நிறுத்திவிட்டேன்! இருட்டு சீன் தெளிவாகத் தெரியும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? ஒருவரும் சொல்லவில்லை. வாய்க்கு வந்ததை அடித்துவிட்டேன். ஆனாலும் பாருங்கள், கடை வாசலில் அந்தப் பெரிய கண்ணாடிக் கதவு திறந்து ஏசி காற்று முகத்தில் அடித்ததும் கலக்கமெல்லாம் போய், கால் தரையில் நிற்கவில்லை எனக்கு.

ஒரு சுவர் முழுக்க டிவி. எல்லாவற்றிலும் ஒரே கிளி ஒரே நேரத்தில் பறந்தது, ஒவ்வொன்றிலும் வேறு வேறு பச்சையில். நீலக் கோட்டு போட்ட விற்பனைப் பெண் எங்களை நோக்கி வருவதற்குள் என் கணவர் வேலையை ஆரம்பித்துவிட்டார். ஒவ்வொரு டிவியின் முதுகுக்கும் பின்னால் கையை விட்டுச் சூடு பார்த்தார், தட்டிப் பார்த்தார், மாட்டியிருந்த கொக்கியை ஆட்டிப் பார்த்தார்.

"இது எத்தனை கிலோ தாங்கும்?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

"சார், டிவில யாரும் ஏற மாட்டாங்க சார்," என்றாள் அவள்.

நான் ஷேட் கார்டை விரித்துக்கொண்டு விலை குறைந்த எல்சிடி வரிசைக்குப் போனேன். விளம்பரத்தில் ஒரு குழந்தை சிரித்தது. அதன் வாய்க்கு நேராக மாதிரிப் பற்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். "இந்த வெள்ளையில உலகத்துல பல்லே கிடையாதும்மா! இது பாத்ரூம் டைல்ஸ்!" என்று கத்தினேன். பக்கத்தில் நின்ற ஒருவர் என் கையிலிருந்த பல் விசிறியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மனைவியின் கையைப் பிடித்து வாஷிங் மெஷின் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த வரிசையின் கடைசியில் ஒன்று இன்னும் மோசம். படத்தின் இடது மூலையில் யாரோ பின்னாலிருந்து டார்ச் அடிப்பதுபோல வெளிச்சம் கசிந்தது. "இது என்ன கண்றாவி?" என்றேன்.

விற்பனைப் பெண்ணுக்கு முகம் சுருங்கியது. "அது பேக்லைட் லீக் ஆகுது மேடம். அந்த ஒரு பீஸ்தான் அப்படி. திருப்பி அனுப்ப வெச்சிருக்கோம். நீங்க ஓஎல்இடிக்கு வாங்க."

வந்தேன், பறந்து வந்தேன். கடையின் பின்பக்கம் கறுப்புத் திரை தொங்கவிட்ட ஓர் அறை. நடுவில் அது. அந்தப் பெண் ரிமோட்டை அழுத்தினாள். கறுப்பிலிருந்து ஒரு சிவப்புப் பழம் உருண்டு வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதை வீட்டில் எந்தச் சுவரில் மாட்டுவது, எதிரே எந்த நாற்காலியில் உட்காருவது, லேபிலிருந்து யார் யாரைக் கூப்பிட்டுக் காட்டுவது, யாரைக் கூப்பிடாமல் எரிச்சல்படுத்துவது என்பது வரை திட்டம் போட்டுவிட்டேன்.

"போடும்மா," என்றான் அண்ணன்.

மகள் பென் டிரைவைச் செருகினாள். நேராக அந்தக் காட்சிக்குப் போனாள். என் கணவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். திரையில் போய் நிற்கப் போகிறவர் மாதிரி! கதாநாயகன் அடித்தளத்துக்கு வந்தான். விளக்கை அணைத்தான்.

நான் என்னத்தைச் சொல்ல. அப்படி ஓர் இருட்டை யாரும் பார்த்திருக்க முடியாது. தியேட்டரிலாவது அங்கங்கே கொஞ்சம் நிழல் அசைந்தது. இதில் கதாநாயகனின் மூக்கு நுனி மட்டும் நீலமாக மிதந்தது. தூணும் இல்லை, அடியாளும் இல்லை, மூலையே இல்லை.

"இதான் மேடம் இதோட ஸ்பெஷல்," என்றாள் விற்பனைப் பெண் பெருமையாக. "கறுப்பு வர்ற இடத்துல வெளிச்சமே எரியாது."

"கொஞ்சம் ஏத்துங்களேன்," என்றேன். ஏற்றினாள். இருட்டு கட்டம் கட்டமாகக் கலங்கியது, அவ்வளவுதான். ஆள் வரவில்லை.

அண்ணன் மெதுவாக இரண்டு கையையும் தட்டினான். பிறகு, "பிரமாதம் மாப்ளே. தொழில்நுட்பம் எவ்வளவு வளர்ந்துடுச்சு பாரு. முன்னைக்கு இப்போ நீ இன்னும் நல்லா இருட்டியிருக்கே!" என்றான்.

விற்பனைப் பெண்கூடச் சிரித்துவிட்டாள். இவரும் சிரித்தார். "சரி மச்சான். பேச்சுன்னா பேச்சு. இனிமே சொல்ல மாட்டேன்," என்றார். பிறகு வாசல் பக்கம் போய், அந்த அறைக் கதவை மெதுவாகத் திறந்து, மூடி, கீலை விரலால் தொட்டுப் பார்த்தார்.

எனக்கு அண்ணன் மேல் கோபம், அந்த டிவி மேல் கோபம், எல்லாவற்றையும்விட என் வாய் மேல் கோபம். "இன்னொண்ணுல போடு!" என்று மகளைப் பார்த்துச் சீறினேன்.

"எதுலம்மா?"

"எல்லாத்துலயும் போடு!"

அதற்குப் பிறகு கடையில் நடந்தது ஒரு கூத்து. மகள் பென் டிரைவோடு வரிசையாக ஓடினாள். ஒவ்வொரு டிவியிலும் கதாநாயகன் வந்து விளக்கை அணைத்தான். ஒன்றில் இருட்டு பச்சையாக இருந்தது, ஒன்றில் ஊதாவாக. மிக்ஸி வாங்க வந்தவர்கள், ஃபேன் வாங்க வந்தவர்கள் எல்லாம் என்ன ஏது என்று கேட்டுக்கொண்டு எங்கள் பின்னாலேயே வந்தார்கள். "அவங்க புருஷன் இருட்டுல எங்கேயோ நிக்கிறாராம்," என்று ஓர் அம்மாள் மற்றவர்களுக்கு விளக்கம் சொன்னார். வாஷிங் மெஷின் பக்கம் ஓடிப்போனவரும் திரும்பி வந்துவிட்டார். "போதும், வா, வீட்டுக்குப் போகலாம்," என்று என் கணவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தார்.

கடைசியில் மிஞ்சியது அந்தக் கண்றாவி டிவி.

மகள் செருகினாள். கதாநாயகன் வந்தான். விளக்கை அணைத்தான். திரை முழுக்கச் சாம்பல் மூட்டம். ஆனால் இடது மூலையில் வெளிச்சம் கசிந்துகொண்டிருந்தது. அந்தக் கசிவில் ஒரு தூண் தெரிந்தது. தூணருகில் ஒரு கறுப்புச் சட்டை. அதற்கு மேலே ஒரு முகம்.

"நிறுத்து!" என்றேன். மகள் நிறுத்தினாள்.

என் கணவர் என் கையை விட்டுவிட்டார். அண்ணன் மூக்கு திரையில் படுகிற அளவுக்குப் போய் நின்று பார்த்தான்.

"யாரோ ஒருத்தன் நிக்கிறான். ஒத்துக்குறேன்," என்றான். "ஆனா மாப்ள மாதிரி இல்லையே. இவனுக்குத் தலை நிறைய முடி இருக்கு. அதோட, பாரு, ஈன்னு இளிச்சுக்கிட்டு நிக்கிறான். உதை வாங்கப் போற அடியாள் எவனாவது சிரிப்பானா? இது வேற யாரோ, கிறுக்கன்."

நான் அந்தச் சிரிப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மேல் வரிசை, வலது முன்பல். கீழ்ப்பாதி இல்லை. உடைந்த விளிம்பு வெளிப்பக்கமாகச் சாய்ந்து ஏறியிருந்தது, சின்னதாக ஒரு பிசிறோடு. அந்தப் பிசிறை நான் அறிவேன். என் விரலுக்கே அதைத் தெரியும்.

"அது என் பல்!" என்று கத்தினேன்.

கடையே திரும்பியது. "அதாவது என் பல் வர்றதுக்கு முன்னாடி இருந்த பல்!" என்று திருத்தினேன். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. "அண்ணா, அந்தப் பல்லோட அச்சு இன்னும் எங்க லேப் அலமாரியில இருக்கு. வா, காட்டுறேன். அந்த உடைசல் உலகத்துல இன்னொருத்தருக்குக் கிடையாது!"

இப்போது அந்தப் பல் கதையைச் சொல்லிவிடுகிறேன்; அங்கே அண்ணனிடமும் இதைத்தான் சொன்னேன். வேலையில் ஸ்பேனர் நழுவி அடித்து அவருக்கு முன்பல் பாதி போய்விட்டது. அதற்குப் பிறகு வெகுகாலம் கையை வாய்மேல் வைத்துக்கொண்டேதான் பேசியிருக்கிறார். ஒருவழியாக டாக்டரிடம் போனார். நிறம் பொருந்தவில்லை என்று டாக்டர் ஆளையே எங்கள் லேபுக்கு அனுப்பினார். "சிரிங்க, நிறம் பார்க்கணும்," என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினார். உதட்டை என் விரலாலேயே தூக்கிப் பிடித்துத்தான் நிறம் பார்த்தேன். பல் கட்டிய மறுநாள் லேப் வாசலில் வந்து நின்றார். வாய் நிறையச் சிரித்துக் காட்டிவிட்டுப் போய்விட்டார். அந்தச் சிரிப்புக்குத்தான் நான் கழுத்தை நீட்டினேன். உடைந்த பல்லோடு அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. நான் மட்டுமல்ல, யாருமே பார்த்ததில்லை.

அண்ணன் திரையைப் பார்த்தான், இவரைப் பார்த்தான். அவன் குரலில் இருந்த கேலி எங்கேயோ போய்விட்டது. "சரி மாப்ளே, நீதான்னே வெச்சுக்குவோம். அப்பதான் நீ வாயைப் பொத்திக்கிட்டே திரிஞ்சேன்னு சொல்றாளே. அங்க போய் எதுக்குச் சிரிச்சே?"

என் கணவர் தலையைச் சொறிந்தார். அத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கூச்சம்.

"உதவி இயக்குநர் சொன்னாரு மச்சான். 'நீங்க நிக்கிற இடம் சுத்த இருட்டு, ஒண்ணுமே தெரியாது, எப்படி வேணும்னாலும் நில்லுங்க'ன்னாரு. சரி, யாரும் பார்க்கப் போறதில்லையேன்னு..." என்றவர் திரையைப் பார்த்தார். "சிரிச்சுப் பார்த்தேன். ரொம்ப நாளாயிருந்துச்சு."

விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த அம்மாள் மூக்கை உறிஞ்சினார். எனக்கு எதிரே நின்ற எல்லா டிவியும் கலங்கித் தெரிந்தன.

அண்ணன்தான் முதலில் அசைந்தான். விற்பனைப் பெண்ணைப் பார்த்து, "ஏம்மா, ஸ்டூல் எங்க இருக்கு?" என்றான்.

ஏறினான். பருத்த உடம்பு, ஸ்டூல் ஆடியது. என் கணவர் ஓடிப்போய் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். "என் மாப்ள நடிகன்!" என்று அண்ணன் கத்தினான். கிளிகளெல்லாம் ஒரே நேரத்தில் பறந்தன. ஃபேன் வாங்க வந்தவர்கள் கைதட்டினார்கள். உற்சாகத்தில், யாரும் கேட்காமலே இன்னும் இரண்டு முறை கத்தினான். வாஷிங் மெஷின்காரர் என் கணவரோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டார்.

"அம்மா!" என்று மகள் என்னை உலுக்கினாள். "டீல் ஞாபகம் இருக்கா? அப்பா தெரிஞ்சுட்டாரு. ஓஎல்இடி நமக்குத்தான்!"

"ஆமா ஆமா," என்றார் இவர். முகமெல்லாம் பல். "வா, உன் டிவியைப் பேசி முடிப்போம். கறுப்பு கறுப்பாத் தெரியணும்ல உனக்கு?"

ஜெயித்தது நான்தான். திரைக்குப் பின்னால் அந்த அறையில் அது காத்துக்கொண்டிருந்தது. அதில் சிவப்புப் பழம் தெரியும், இரவு வானம் தெரியும், நடிகையின் கட்டிய பல் தெரியும். இவர் ஒருவர்தான் தெரிய மாட்டார். எனக்கு ஆசை விட்டுவிட்டது என்று சொன்னால் பொய். இப்போது நினைத்தாலும் நாக்கில் எச்சில் ஊறுகிறது.

"இதைக் கட்டிக் குடுங்க," என்றேன், கண்றாவி டிவியைக் காட்டி.

விற்பனைப் பெண் பதறிப்போனாள். "மேடம், இது திருப்பி அனுப்பற பீஸ். இதே மாடல்ல புதுசு இருக்கு, அதுல இந்தக் குறை இருக்காது."

"அந்தக் குறைதாம்மா எனக்கு வேணும்."

"இதுக்கு வாரண்டி கிடையாது மேடம்."

"வேண்டாம்."

"அப்ப ஒண்ணு பண்றேன். எங்க சர்வீஸ் ஆளை அனுப்பி அந்த மூலையை மட்டும் இலவசமாச் சரிபண்ணித் தரச் சொல்றேன்."

"அதைத் தொட்டீங்கன்னா தெரியும் சேதி!" என்று நான் போட்ட கூச்சலில் மேனேஜர் அறையிலிருந்து ஓடிவந்தார். என்ன பிரச்சினை என்று கேட்டார். அரைமணி நேரம் விளக்கியும் அவருக்குப் புரியவில்லை. கழிவு விலையில் கொடுத்து எங்களை வெளியே அனுப்பினால் போதும் என்று முடிவு செய்துவிட்டார்.

"பைத்தியமா நீ?" என்றார் என் கணவர், கார் ஏறும்போது என் காதில். "எனக்காக எதுக்கு? ஒரு தடவை பார்த்தாச்சுல்ல, போதாதா?"

"உங்களுக்காக யார் வாங்குனா? எனக்கு வேணும்," என்றேன். டிவியை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டேன். அண்ணன் வழியெல்லாம் ஒருமுறைகூடத் தன் பக்கத்து பிரேக்கைத் தொடவில்லை.

இப்போது அது எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. படுமட்டம். செய்தி வாசிப்பவரின் ஒரு காது எப்போதும் பற்றி எரிகிறது. கால்பந்து மைதானத்தின் மூலையில் நடுப்பகலிலும் இன்னொரு சூரியன் உதிக்கிறது. நடிகர் நடிகைகளுக்கெல்லாம் பாத்ரூம் டைல்ஸ் வாய். வாய் ஓயாமல் திட்டிக்கொண்டுதான் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் குடும்பத்தோடு வந்துவிடுவான். வந்தவுடன், "ஹீரோ படம் போடு," என்பான். முன்னால் இருந்த 'இருட்டு' கழன்று போய்விட்டது. கதாநாயகன் விளக்கை அணைத்ததும் எல்லோரும் இடது மூலையைப் பார்த்து விசிலடிப்பார்கள்.

போன ஞாயிறு அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். திரையில் அவர், யாரும் பார்க்கவில்லை என்று நம்பி, உடைந்த பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர், அத்தனை பேர் பார்க்க, நான் செய்துகொடுத்த பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். பழக்கதோஷம், ஷேட் கார்டை எடுத்து இரண்டு சிரிப்புக்கும் நடுவில் பிடித்துப் பார்த்தேன். என் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. பக்கத்துப் பல்லோடு நிறம் அச்சாகப் பொருந்தியிருந்தது, இன்றுவரை ஒரு கீறல் இல்லை.

ஆனாலும் அந்த உடைந்த பல்தான் அழகு.